பீரோவில் கிடந்த 14 கேசட்: பழைய கேம்கார்டர் வீடியோக்களை எடிட்டிங்குக்குக் கொண்டுவந்த கதை

அப்பாவுக்கு ஆவணியில் சதாபிஷேகம். பந்திக்கு முன்னால் பழைய வீடியோக்களைத் தொகுத்து ஒரு 25 நிமிடம் மண்டபத்தில் போடலாம் என்று தங்கை சொன்னாள். ‘நீதானே வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்’ என்று வேலையையும் என் தலையில் கட்டிவிட்டாள். சரி, ஒரு வாரத்து வேலைதானே என்று நினைத்தேன். இரண்டரை மாதம் ஆனது.

பீரோவின் அடித்தட்டில் இருந்தவை இவை: 2004ல் சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கிவந்து, பிறகு எங்களிடமே விட்டுப்போன மினிடிவி கேம்கார்டர், 14 கேசட்டுகள், பலாக்கொட்டை மாதிரி வீங்கிப்போன ஒரு பேட்டரி. மேல்தட்டில் 2010ல் நான் வாங்கிய, எஸ்டி கார்டில் பதியும் கேம்கார்டரும், அதன் கோப்புகளைப் போட்டுவைத்த ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கும். (மினிடிவியில் வரும் ‘டிவி’ தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம். குழப்பம் வராமல் இருக்க, இந்தப் பதிவில் டிவி என்றால் கேசட் சமாசாரம்தான்.)

முதலில் என் பழைய பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2012ல் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஏதோ ஓர் இலவச கன்வர்ட்டரை இறக்கி, 2010ல் எடுத்ததையெல்லாம் 640க்கு 480 அளவில் எம்பி4 ஆக மாற்றினேன். ‘இடம் மிச்சம்’ என்ற சந்தோஷத்தில் அசல் கோப்புகளை அழித்தும் விட்டேன். 2011க்குப் பிறகு எடுத்தவை தப்பியதற்கு ஒரே காரணம் என் சோம்பேறித்தனம். ஆக இன்றைக்கு எங்கள் வீட்டில் 2004ஆம் வருட வீடியோ, 2010ஆம் வருட வீடியோவைவிடத் தெளிவாக இருக்கிறது. கேசட்டை யாரும் ‘இடம் மிச்சம்’ பண்ணவில்லை பாருங்கள்.

கேசட்டிலிருந்து ஆரம்பித்தேன். பேட்டரி போனாலும் அடாப்டரில் கேமரா உயிர்பெற்றது. அதில் யுஎஸ்பி துளை இருக்கிறது என்று லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். மெமரி கார்டில் இருந்த எட்டு போட்டோக்கள் மட்டும் வந்தன. அந்தக் காலத்து மினிடிவி கேமராக்கள் பலவற்றில் யுஎஸ்பி என்பது போட்டோவுக்கும் வெப்கேம் தரத்து மங்கல் படத்துக்கும்தான். கேசட்டில் பதிந்திருப்பது உள்ளது உள்ளபடி வெளியே வர ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வேண்டும். கேமரா பக்கம் சின்ன 4 முள் துளை, கம்ப்யூட்டர் பக்கம் பெரிய 6 முள் துளை. இன்றைய லேப்டாப்புகளில் அதைத் தேடுவது வீண். நண்பன் வீட்டு மாடியில் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பை வாங்கிவந்து, ஆன்லைனில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டும் கேபிளும் தருவித்து மாட்டினேன். கேமராவையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருக வேண்டும். 6 முள் துளையில் மின்சாரமும் வரும் என்பதால், அவசரத்தில் கோணலாகச் செருகி கேமராவின் துளையைப் பொசுக்கிக்கொண்டவர்கள் உண்டு. இருப்பது ஒரே கேமரா. நான் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் செருகினேன்.

டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, டிவிகிராப் என்ற சின்ன நிரலை வைத்துப் பதிவிறக்கினேன். இது திரை, பொத்தான் எதுவும் இல்லாத கட்டளை நிரல். ஆனால் கேமராவின் ப்ளே பொத்தானை அதுவே இயக்கும். கேசட் ஓட ஓட டிஸ்கில் எழுதிக்கொண்டே போகும். இங்கே ‘கன்வர்ட்’ என்று எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேசட்டில் இருப்பதே டிஜிட்டல் தகவல்தான். அது அப்படியே ஒரு பிட் மாறாமல் கோப்பாகிறது. 1 மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. 14 கேசட்டுக்கு 180 ஜிபி என்று கணக்குப் போட்டு, அதற்கென்றே ஒரு டிஸ்க் ஒதுக்கினேன். குறுக்குவழி கிடையாது, 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். ஆறாவது கேசட்டில் 48ஆவது நிமிடத்தில் கரண்ட் போனது. மறுநாளே ஒரு யுபிஎஸ் வாங்கினேன்.

முதல் கேசட்டில் தங்கையின் கல்யாணம். திரையில் முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்து, சத்தம் கரகரத்தது. கேசட் போச்சு என்றே நினைத்தேன். பிரச்சினை கேசட்டில் இல்லை, கேமராவில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. க்ளீனிங் கேசட்டைப் போட்டு 10 விநாடி ஓட்டியதும் பாதி சரியானது. அப்புறம் ஒவ்வொரு கேசட்டையும் கடைசிவரை ஒரு தடவை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பதிவிறக்கினேன். இருபது வருடம் ஒரே நிலையில் இறுகிக் கிடந்த நாடா அதில் கொஞ்சம் தளர்ந்துகொடுக்கிறது. இரண்டு கேசட்டில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தது. அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். பூசணம் ஹெட்டில் ஒட்டினால் அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

டிவிகிராப்பில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு ஷாட்டையும் தனிக் கோப்பாகப் பிரித்து, எடுத்த தேதியையும் நேரத்தையும் கோப்பின் பெயராகவே வைக்கச் சொல்லலாம். அந்தத் தகவல் படத்தோடு சேர்ந்து நாடாவிலேயே பதிந்திருக்கிறது. ஒரு கேசட் அறுபது எழுபது துண்டாக, பெயரோடும் வரிசையோடும் வந்து நின்றது. அதில் ஒரு வேடிக்கை. தாலி கட்டும் கோப்பின் பெயரில் நேரம் 11:45 என்று இருந்தது. கல்யாணம் நடந்தது வெள்ளிக்கிழமை. அம்மா எட்டிப்பார்த்துவிட்டு முகம் மாறிப்போனாள்.

“வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு ராகுகாலம்டா. அந்த நேரத்துலயா கட்டினோம்?”

“இல்லம்மா, மாமா கேமராவுல சிங்கப்பூர் டைம் ஓடிட்டிருக்கு. ரெண்டரை மணி நேரம் கழிச்சுக்கோ.”

விரல்விட்டு எண்ணி, ஒன்பதேகால் என்று வந்ததும்தான் அடுப்படிக்குப் போனாள். கேமரா கடிகாரத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் படமெடுங்கள். இருபது வருடம் கழித்து வீட்டில் ஒரு பஞ்சாயத்து மிச்சமாகும்.

முதல் நாள் ஆர்வக்கோளாறில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். வந்த டிவி கோப்புகளில் ஒன்றை ஒரு கன்வர்ட்டரில் ‘எச்டி’ என்று தேர்ந்தெடுத்து மாற்றி, தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். “உங்க தாத்தா இவ்ளோ பருமனா இருந்ததே இல்லடா. வத்தல் மாதிரி இருப்பார்.” தாத்தா மட்டுமல்ல, கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்கள். படம் எடுத்தது 4க்கு 3 விகிதத்தில். கன்வர்ட்டர் அதை 16க்கு 9 சட்டத்துக்குள் இழுத்து நிரப்பிவிட்டது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இதில் இன்னொரு நுணுக்கம்: ‘பால்’ என்ற நம் ஊர்த் தொலைக்காட்சி முறையில் டிவி படம் 720க்கு 576 புள்ளிகள். அந்தப் புள்ளிகளும் சதுரமானவை அல்ல, கொஞ்சம் அகலமானவை. சதுரப் புள்ளியாகக் கணக்கிட்டால் 768க்கு 576 என்று விரித்தால்தான் தாத்தா தாத்தாவாக இருப்பார். விகிதத் தகவல் கோப்பிலேயே குறிப்பாக இருக்கிறது. நல்ல எடிட்டர் அதைப் படித்துக்கொள்ளும். கன்வர்ட்டர்கள் பல, அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

அடுத்தது எஸ்டி கார்டு கேமராவின் கோப்புகள். இவை ஏவிசிஎச்டி வகை. 2006ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த முறை. கார்டைத் திறந்தால் அடுக்கடுக்காக ஃபோல்டர்கள். ஆக உள்ளே ‘ஸ்ட்ரீம்’ என்ற ஒன்றில் 00000 என்று தொடங்கி எம்டிஎஸ் கோப்புகள். ஷாட்கட் என்ற இலவச எடிட்டரில் அவற்றைப் போட்டேன். திறந்தது, சத்தம் வந்தது. ஆனால் டைம்லைனில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவினால் அரை விநாடி முழித்துக்கொண்டு நின்றது. மூன்று துண்டைச் சேர்த்துவைத்தால் படம் திக்கித் திணறியது. ‘எம்டிஎஸ் எடிட்டிங்குக்கு ஆகாது, எம்பி4 ஆக மாற்று’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். 2012ல் நான் குடித்த அதே கஷாயம்.

இந்தத் தடவை மாற்றுவதற்கு முன், கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ நிரலில் அதைத் திறந்து என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். படத்தைச் சுருக்கிய முறை ஹெச்.264, அளவு 1920க்கு 1080, விநாடிக்கு 25 படம், இன்டர்லேஸ்டு, மேல் ஃபீல்டு முதலில் (இவை இரண்டும் என்ன என்று பிறகு சொல்கிறேன்), ஒலியைச் சுருக்கிய முறை ஏசி-3. எம்பி4 கோப்புகளுக்குள் பெரும்பாலும் இருப்பதும் இதே ஹெச்.264தான். எம்டிஎஸ் என்பது டப்பா. உள்ளே இருக்கும் பண்டம் வேறு. டப்பாவை மட்டும் மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை நிரலில் ‘காப்பி’ என்று சொன்னால் போதும். ஒரு ஜிபி கோப்பு சில விநாடிகளில் மாறிவிடும், தரம் துளியும் குறையாது. ஆனால் திக்கலும் துளியும் குறையாது! செய்து பார்த்துத்தான் இது புரிந்தது. எம்டிஎஸ்ஸை அறவே திறக்காத எடிட்டர் என்றால் டப்பா மாற்றுவது உதவும். ஏசி-3 ஒலி வராத எடிட்டர் என்றால் படத்தைக் காப்பி செய்து, ஒலியை மட்டும் பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி, ஆக்கினால் போதும். என் நோய் அது அல்ல.

திக்குவதன் காரணம், ஏவிசிஎச்டியில் முழுப் படம் என்பது எப்போதோ ஒன்றுதான். நடுவில் இருப்பவை ‘முன்னால் இருந்த படத்திலிருந்து இது மட்டும் மாறியிருக்கிறது’ என்ற குறிப்புகள். சில, பின்னால் வரப்போகும் படத்தையும் சார்ந்திருக்கும். நேராக ஓட்டினால் சிக்கல் இல்லை. நடுவில் ஒரு இடத்தைத் தொட்டால், கம்ப்யூட்டர் முந்தைய முழுப் படம்வரை போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். டிவி கேசட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு படமும் தனித்தனி, யாரையும் சார்ந்திராது. அதனால்தான் கோப்பு பெருசு. அதனால்தான் என் பழைய டெஸ்க்டாப்பில்கூட வெண்ணெயாக வெட்ட முடிந்தது. டிவி கோப்புகளுக்கு எடிட்டிங்குக்காக எந்த மாற்றமும் தேவையே இல்லை.

எம்டிஎஸ்ஸுக்கு இரண்டு வழி. ஒன்று, ப்ரோரெஸ் மாதிரி ஒவ்வொரு படமும் தனியாக நிற்கும் வகைக்கு மாற்றுவது. ஷாட்கட்டிலேயே ‘எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்று’ என்று ஒரு வசதி உண்டு. தரம் நன்றாக இருக்கும். ஆனால் இடத்தைத் தின்றுவிடும். 1080ல் விநாடிக்கு 25 படம் என்றாலே மணிக்கு 55 ஜிபி போல வரும். என்னிடம் 11 மணி நேர எம்டிஎஸ் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து அதை அப்படியே விட்டேன். இன்னொன்று ப்ராக்ஸி. எடிட்டர் ஒவ்வொரு கோப்புக்கும் பின்னால் ஒரு சின்ன நகல் செய்து வைத்துக்கொள்ளும். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் நகலில். கடைசியில் வெளியீடு எடுக்கும்போது அசலுக்குப் போய்விடும். இரவு ப்ராக்ஸி போடவிட்டுப் படுத்தேன். காலையில் 11 மணி நேர வீடியோவையும் சோளப்பொரி மாதிரி அள்ளி விளையாட முடிந்தது.

எம்டிஎஸ் விஷயத்தில் என்னை உண்மையிலேயே தவிக்கவிட்டது ஒரு பாட்டு. தங்கையின் சீமந்தத்தில் பாட்டி வளையல் அடுக்கிக்கொண்டே நலங்குப் பாட்டு பாடுகிறாள். நாலு நிமிடம். பாட்டியின் குரல் வேறு எதிலும் எங்களிடம் இல்லை. அந்தப் பாட்டின் மூன்றாவது அடியில், இழுத்துப் பாடும் இடத்தில், சத்தம் சொடுக்கென்று நின்று மறுபடி வந்தது. கேமராவில்தான் கோளாறு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. எஸ்டி கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என் கேமரா அதற்கும் முன்பே, 2 ஜிபி ஆனதும் கோப்பை வெட்டி அடுத்ததைத் தொடங்கிவிடும். சீமந்தம் முழுவதையும் நிறுத்தாமல் எடுத்ததால் வெட்டு சரியாகப் பாட்டியின் தொண்டையில் விழுந்திருக்கிறது. கேமரா வெட்டுவது பாட்டின் இடம் பார்த்து அல்ல, பைட் எண்ணிக்கை பார்த்து. அதனால் முதல் கோப்பின் கடைசித் துளி ஒலியும் இரண்டாவதன் முதல் துளியும் சேர்ந்தால்தான் முழுசாகும். எடிட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தத் துளிகள் விழுந்துவிடும்.

எடிட்டருக்குள் போவதற்கு முன்பே இரண்டையும் பைட்டோடு பைட்டாக ஒட்டுவதுதான் மருந்து. லினக்ஸில் ‘கேட்’ கட்டளை. விண்டோஸில் ‘காப்பி’ கட்டளையோடு சாய்கோடு போட்டு ‘பி’ என்ற எழுத்து, பிறகு முதல் கோப்பு, கூட்டல் குறி, இரண்டாம் கோப்பு, கடைசியில் புதுப் பெயர். அந்த ‘பி’ முக்கியம், பைனரியாக ஒட்டு என்று அர்த்தம். ஒட்டிவிட்டு ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அந்த அடியைப் பாட்டி மூச்சு விடாமல் பாடி முடித்தாள். உடனே எழுந்து போய்த் தங்கைக்கு போன் போட்டேன். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இனி சீப்பு விவகாரம். இதுதான் மொத்த வேலையில் பாதி நேரத்தைத் தின்றது. இரண்டு கேமராவும் இன்டர்லேஸ்டு முறையில் எடுப்பவை. அதாவது ஒரு படத்தின் பாதி வரிகள் ஒரு கணத்திலும், மீதிப் பாதி விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். ஒற்றைப்படை வரிகள் மேல் ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் கீழ் ஃபீல்டு. பழைய பெட்டித் தொலைக்காட்சியில் இது கண்ணுக்குத் தெரியாது. இன்றைய திரையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டால், அசையும் பொருளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கீறல். கல்யாணத்தில் ஊஞ்சல் காட்சியை நிறுத்திப் பார்த்தால் தெரியும்: பின்னால் தூண் தெளிவாக நிற்கிறது, ஊஞ்சல் சங்கிலியும் தங்கையின் பட்டுப்புடவை ஓரமும் மட்டும் பல் பல்லாகப் பிரிந்து கிடக்கின்றன.

இந்தச் சீப்பைப் போக்க டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டும். ஷாட்கட்டுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் விநாடிக்கு 25 படம்தான் கிடைத்தது. ஊஞ்சல் தத்தித் தத்தி ஆடியது. கேமரா பதிந்திருப்பது விநாடிக்கு 50 அசைவு. அதில் பாதியை எதற்குத் தூக்கிப்போட வேண்டும்? எஃப்எஃப்எம்பெக்கில் பிடபிள்யூடிஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. எதுவும் சொல்லாமல் விட்டாலே அது ஒவ்வொரு ஃபீல்டையும் தனிப் படமாக்கி 50 கொடுத்துவிடும். பழைய யாடிஃப் ஃபில்டரில் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். 50ல் ஊஞ்சல் எண்ணெய் போட்டமாதிரி ஆடியது.

இங்கே ஒரு பொறி உண்டு. பால் டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில். என் ஏவிசிஎச்டியில் மேல் ஃபீல்டு முதலில். இரண்டையும் ஒரே கட்டளையில் தள்ளி, மேல் ஃபீல்டு என்று நானே அழுத்திச் சொல்லியிருந்தேன். கேசட் காட்சிகளில் நாதஸ்வரக்காரரின் கை முன்னே இரண்டடி, பின்னே ஓரடி என்று நடுங்கியது. வரிசையைக் கோப்பே சொல்லட்டும் என்று விட்டபிறகு சரியாயிற்று.

மொத்தத்தையும் இப்படி மாற்றவில்லை. முதலில் ப்ராக்ஸியில் வெட்டி, எந்தெந்த ஷாட் வேண்டும் என்று முடிவு செய்தேன். தங்கையோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டபிறகு மிஞ்சியது கேசட்டிலிருந்து அரை மணி, எம்டிஎஸ்ஸிலிருந்து 20 நிமிடம். 25 நிமிடமாகச் சுருக்குவதற்கு முன் அதை மட்டும் 50 படமாக்கி ப்ரோரெஸ்ஸில் எடுத்தேன். எம்டிஎஸ் பங்கு மட்டும் 35 ஜிபிக்கு மேல். தாங்கிக்கொள்ளலாம். இதே மாற்றத்தை 11 மணி நேரத்துக்கும் செய்திருந்தால் டிஸ்க் கடைக்காரருக்குத்தான் லாபம்.

2010ஆம் வருடத்துப் பாவப்பட்ட எம்பி4களுக்கும் இதே ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன். வேலைக்கு ஆகவில்லை. கன்வர்ட்டர் 1080 வரிகளை 480 ஆகச் சுருக்கியபோது சீப்புப் பல்லையும் சேர்த்தே அரைத்துவிட்டது. எந்த வரி எந்தக் கணத்துக்குரியது என்ற கணக்கே அழிந்துபோயிற்று. அப்பா என் பெரிய பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் நடக்கும் காட்சி அதில்தான் இருக்கிறது. கீறலோடேயே 6 விநாடி வைத்துக்கொண்டேன்.

கேசட் காட்சிகளை 1920க்கு 1080 சட்டத்தில் நடுவில் 1440 அகலத்துக்கு வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டேன். கறுப்புக்குப் பதில் அதே படத்தை மங்கலாக விரித்துப் போடலாமே என்று தங்கை கேட்டாள். இன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்குப் பிடிக்காது. தாத்தா நடுவில் உட்கார்ந்திருக்க, அவர் காது இரண்டு பக்கமும் பூதாகாரமாக மிதப்பது என்ன அழகோ.

மண்டபத்து எல்ஈடி திரைக்காரரைக் கேட்டதற்கு, “சார், எம்பி4ல பென்டிரைவ்ல குடுத்துருங்க, போதும்” என்றார். விநாடிக்கு 50 படமாக ஹெச்.264ல், ஒலியை ஏஏசி ஆக்கி, 25 நிமிடம் சுமார் 2.2 ஜிபிக்குள் அடங்கியது. ஃபேட்32 பென்டிரைவிலும் ஏறும். பழைய இயந்திரங்கள் சில, முழு எச்டியில் 50 படத்தை ஓட்டத் திணறும் என்பதால் 25 படத்தில் இன்னொரு கோப்பும் அதே பென்டிரைவில் போட்டேன். விழாவுக்கு முந்தின சாயங்காலம் மண்டபத்துக்கே போய் ஓட்டிப் பார்த்தோம். 50 திக்கியது. 25தான் ஓடியது. அத்தனை மெனக்கெட்ட ஊஞ்சல், மண்டபத்தில் தத்தித் தத்தியே ஆடியது. என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் 50 நன்றாகவே ஓடுகிறது.

அசல் டிவி கோப்புகளும் எம்டிஎஸ் ஃபோல்டர்களும் இப்போது இரண்டு டிஸ்கில் இருக்கின்றன. ஒன்று என்னிடம், ஒன்று தங்கை வீட்டில். வெட்டிய ப்ரோரெஸ்ஸை அழித்துவிட்டேன். வேண்டுமானால் மறுபடி செய்துகொள்ளலாம்.

14 கேசட்டில் 13தான் வந்திருக்கிறது. பாக்கி ஒன்று, மாமாவின் கையெழுத்தில் ‘வீடு, மழை’ என்று மட்டும் எழுதியது. நாடாவை மிச்சம் பிடிக்க, அதை மெதுவாக ஓட்டும் எல்பி முறையில், 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பதிந்திருக்கிறார்கள். சாதாரண வேகமான எஸ்பியில் நாடாவின் மேல் ஒரு தடம் 10 மைக்ரான் அகலம், எல்பியில் 6.7தான். அவ்வளவு ஒடுங்கிய தடத்தைப் பதிந்த கேமராவைத் தவிர வேறு கேமரா படிப்பது அதிர்ஷ்டம். எங்கள் கேமராவில் மழைக்குப் பதில் சதுரக் கட்டங்கள்தான் பெய்கின்றன. அது வேறு யாரோ சொந்தக்காரரிடம் கேமரா இரவல் வாங்கி எடுத்தது என்று மாமா போனில் சொன்னார். யாரிடம் என்று நினைவில்லையாம். அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.